ஒரு அங்குல ஓட்டை! படகையும் பிழைப்பையும் காப்பது எப்படி?

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை ஆகிய ஊர்களில் படகை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன.

படகு மூழ்கினால் அந்தக் குடும்பமும் மூழ்கிவிடும்.

புயலில் படகு மூழ்குவது உண்டு. பாறையில் மோதி மூழ்குவதும் உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் புயல் இல்லை, பாறை இல்லை, பெரிய அலையும் இல்லை. நங்கூரம் போட்டு நிறுத்திய இடத்திலேயே படகு மூழ்கிக் கிடக்கும். இரவு நன்றாக இருந்த படகு, காலையில் பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கும்!

இதற்குக் காரணம் என்ன?

ஓட்டை! அதுவும் கடல் போட்ட ஓட்டை அல்ல. மனிதனே போட்ட ஓட்டை!

மனிதன் ஏன் ஓட்டை போடுகிறான்?

தண்ணீரில் மிதக்க வேண்டிய படகில் யாராவது ஓட்டை போடுவார்களா என்று கேட்கலாம்.

போட்டுத்தான் ஆக வேண்டும். எஞ்சினை உள்ளே வைத்த படகு ஓட்டை இல்லாமல் ஓடாது.

எஞ்சின் படகுக்குள் இருக்கிறது. அது சுழற்றும் காற்றாடி தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். இது முதல் ஓட்டை.

படகைத் திருப்பும் சுக்கானின் தண்டுக்கு ஒரு ஓட்டை. எஞ்சின் சூட்டைத் தணிக்கக் கடல் நீரை உள்ளே இழுக்க ஒரு ஓட்டை. உள்ளே தேங்கும் நீரைப் பம்பு வைத்து வெளியே தள்ள இன்னொரு ஓட்டை.

சிறிய பைபர் படகுகளிலும் ஓட்டைகள் உண்டு. கரை ஏற்றியதும் தண்ணீரை வடிய விடுவதற்குப் பின்பக்கத்தில் ஒரு துவாரம் இருக்கும். கடலில் இறக்கும்போது அதைத் தக்கை கொண்டு அடைத்துவிடுவார்கள். எஞ்சினை மாட்டும் ஆணிகளுக்கும் பின்பலகையில் துளைகள் இருக்கும்.

பழைய கட்டுமரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. அது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. தண்ணீர் புகுந்து நிறைவதற்கு அதில் உள்ளறையே இல்லை. எஞ்சின் வந்தது. ஓட்டையும் வந்தது.

ஒரு நிமிடத்தில் 4 குடம்!

ஒரு சின்ன ஓட்டையால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கக்கூடாது.

கணக்குப் பாருங்கள்.

தண்ணீர் மட்டத்துக்கு 2 அடி கீழே ஒரு அங்குல அகலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உள்ளே பாயும்.

அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 60 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தால் 4 குடம். ஒரு மணி நேரத்தில் 240 குடம்! அதன் எடை மூன்றரை டன்னுக்கு மேல்!

ஓட்டை இரண்டு அங்குலம் ஆனால் தண்ணீர் இரண்டு மடங்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நான்கு மடங்கு வரும்.

பாயும் ஓட்டை வேண்டாம். கசியும் ஓட்டையே போதும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம், அதாவது 200 மில்லி நீர் மட்டும் கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 288 லிட்டர் சேரும். ஒரு வாரம் யாரும் இறைக்காவிட்டால் 2 டன் தண்ணீர் படகுக்குள் நிற்கும்!

தினமும் கடலுக்குப் போகிற படகில் இந்த நீரை இறைத்துவிடுவார்கள். ஆகவே கசிவு தெரியாது. படகு சும்மா நிற்கும்போதுதான் ஆபத்து.

மரம் மன்னிக்கும், பைபர் மன்னிக்காது

முன்பு எல்லாப் படகுகளும் மரத்தால் ஆனவை. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் குங்கிலியமும் வைத்து அடைப்பார்கள். இதற்குக் 'கலப்பற்று' என்று பெயர். அதில் கைதேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

மரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீர் பட்டால் ஊதும். ஊதினால் இடுக்கு தானாகவே இறுகும். சின்னக் குறைகளை மரமே சரி செய்துகொள்ளும்.

இன்று நல்ல மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை அதிகம். கடற்புழு வேறு மரத்தைத் துளைத்துத் தின்கிறது. ஆகவே பைபர் படகுகள் வந்தன. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கிய பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் அவை பெருகின. இழந்த படகுகளுக்குப் பதிலாகப் பைபர் படகுகளே பெரும்பாலும் வழங்கப்பட்டன.

பைபர் என்பது என்ன? மயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளை விரித்து, அதன் மேல் ரெசின் என்னும் பிசினைத் தடவி, அடுக்கு அடுக்காகப் படிய வைத்துச் செய்வது. எடை குறைவு. புழு அரிக்காது. துரு பிடிக்காது.

ஆனால் பைபர் ஊதாது. அதில் போட்ட ஓட்டை போட்டபடியே இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பைபரைத் துளைத்தால் ஓட்டையின் விளிம்பில் கண்ணாடி இழைகளின் நுனிகள் வெளியே தெரியும். அந்த விளிம்பை ரெசின் பூசி மூடாவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த நுனிகள் தண்ணீரை உறிஞ்சும். நீர் அடுக்குகளுக்கு நடுவே மெல்ல மெல்லப் பரவும். அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும்.

பல சிறிய படகுகளின் பின்பலகையில் பைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கிறது. எஞ்சின் ஆணித் துளை வழியாக நீர் புகுந்தால் அந்தப் பலகை உள்ளேயே உளுத்துப்போகும். ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் ஆட்டம் கொடுக்கும்.

பழைய மரப்படகின் மேல் பைபர் உறை போடுவதும் உண்டு. அங்கேயும் இதே கதைதான். ஓட்டை வழியே புகுந்த நீர் மரத்துக்கும் உறைக்கும் இடையே தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம்!

பித்தளையா, வெண்கலமா?

ஓட்டையில் பொருத்துகிற குழாய் எந்த உலோகம் என்பது மிக முக்கியம்.

பித்தளையும் வெண்கலமும் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானவை. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது.

வீட்டில் பித்தளைக் குடம் பாட்டி காலத்தில் இருந்து பேத்தி காலம் வரை உழைக்கும். கடல் நீரில் அப்படி உழைக்காது. உப்பு நீர் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். மிச்சம் இருப்பது சிவந்து, பொரிந்துபோன செம்பு. கையால் திருகினால் பிஸ்கோத்து போல உடையும்!

கடைகளில் வீட்டுக் குழாய்க்கான பித்தளைச் சாமான் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப் படகின் அடியில் பொருத்துவது, காசை மிச்சம் பிடித்துப் படகைக் கடலுக்குக் கொடுப்பதற்குச் சமம். கடலுக்கு ஏற்றது வெண்கலம்.

ஒரே இடத்தில் இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து வைப்பதும் ஆபத்து. கடல் நீரில் அவற்றுக்கு இடையே சிறிய மின்சாரம் ஓடும். ஒன்று மற்றொன்றை அரிக்கும். இதைத் தடுக்கத்தான் படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறார்கள். அரிப்பை அந்தக் கட்டி வாங்கிக்கொள்ளும். அது பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

கசிகிற இடத்தில் மேலாகப் பசை தடவிவிட்டுக் கடலுக்குப் போவது பழுது பார்ப்பது ஆகாது. முறையாகச் செய்ய வேண்டியது இதுதான்:

முதலில் படகைக் கரை ஏற்ற வேண்டும். பழைய குழாயைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டையைச் சுற்றி நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவ வேண்டும். பிறகு சில நாட்கள் நன்றாகக் காய விட வேண்டும். ஈரமான பைபரில் ரெசின் ஒட்டாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல பைபர் கணீர் என்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் மொத்து மொத்து என்று கேட்கும். அந்த இடம் முழுவதையும் செதுக்கி எடுத்துவிட வேண்டும்.

ஓட்டையை அடைப்பதானால் அதன் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பைபரின் கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவு வேண்டும். கனம் ஒரு சென்டி மீட்டர் என்றால் ஓட்டையைச் சுற்றி 12 சென்டி மீட்டர் வரை தேய்க்க வேண்டும். சரிவு இல்லாமல் வைத்த ஒட்டு, புட்டியில் சொருகிய தக்கைபோல ஒருநாள் தெறித்துவிடும்.

அதன் பிறகு கண்ணாடி இழை 'மேட்'டை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக வைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். பழைய பைபர் மேல் ஒட்டுவதற்குச் சாதாரண ரெசினைவிட எபாக்சி என்னும் வகை நன்றாகப் பிடிக்கும். விலைதான் கொஞ்சம் அதிகம்.

நன்றாக இறுகிய பிறகே புதிய துளை போட வேண்டும். துளையின் விளிம்பில் ரெசின் பூசி இழை நுனிகளை மூட வேண்டும். இதை மறக்கவே கூடாது.

உள்பக்கம் ஒரு தடித்த பைபர் பலகையைத் துளையோடு சேர்த்து ஒட்ட வேண்டும். குழாயில் ஏதாவது மோதினால் அடி முழுவதும் ஓட்டை மேல் விழாமல் இந்தப் பலகை தாங்கிக்கொள்ளும். குழாயைப் பொருத்தும்போது கடல் வேலைக்கு என்று விற்கும் பசையை வைத்து இறுக்க வேண்டும். பசை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பிதுங்கி வந்தால்தான் வேலை சரி.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் மூடித் திறக்கிற வால்வு வேண்டும். ரப்பர் குழாயை இரண்டு கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றொன்று காப்பாற்றும்.

எஞ்சின் தண்டு வெளியே போகும் இடத்தில் உள்ள கிளாண்டில் பேக்கிங் கயிறு இருக்கும். தேய்ந்துபோன கயிற்றின் மேலேயே புதுக் கயிற்றைத் திணிக்கக்கூடாது. பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். தண்டு சுழலும்போது ஓரிரு சொட்டு வரலாம். படகு நிற்கும்போதும் ஒழுகினால் உடனே கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வோர் ஓட்டையின் பக்கத்திலும், அதன் அளவுக்குச் செதுக்கிய கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். குழாய் உடைந்தால் அதை அடித்து இறுக்கிவிடலாம். மரம் தண்ணீரில் ஊதி ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும். கடலில் உயிர் காக்கும் சாமான்களில் இதைவிட மலிவானது வேறு இல்லை.

மருந்தில் எச்சரிக்கை!

ரெசின் இறுகுவதற்கு இரண்டு மருந்துகள் சேர்க்கிறார்கள். ஒன்று 'ஆக்சிலேட்டர்'. மற்றொன்று 'கேட்டலிஸ்ட்'.

இந்த இரண்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கக்கூடாது. கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும்! முதல் மருந்தை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவதை ஊற்ற வேண்டும். நூறு பங்கு ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். அது கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு கண்ணாடித் தூள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே தேய்க்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. பீடி, சிகரெட் கூடவே கூடாது.

எஞ்சின் நின்றால் எல்லை தாண்டும்!

ராமேசுவரம் கடலில் ஓட்டைக்கு இன்னொரு பொருளும் உண்டு.

இங்கே கடல் குறுகலானது. ராமேசுவரத்தில் இருந்து கச்சத்தீவு ஏறத்தாழ 25 கிலோ மீட்டர் தூரம்தான். படகில் நீர் ஏறி எஞ்சின் நின்றுவிட்டால், காற்றும் நீரோட்டமும் படகை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும். எல்லைக் கோடு தண்ணீரில் தெரிவது இல்லை. பழுதான படகு, பிடிபட்ட படகு ஆகிவிடலாம்.

பிடிபட்ட பிறகு என்ன ஆகிறது?

படகுகள் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார் முதலிய இடங்களில் நிறுத்தப்படுகின்றன. வழக்கு நடக்கிறது. மாதங்கள் போகின்றன. சில படகுகளுக்கு ஆண்டுகளும் போகின்றன.

அங்கே நீர் இறைக்க யாரும் இல்லை. பேக்கிங் கயிறு காய்கிறது. வால்வு உப்புப் பிடிக்கிறது. ஒரு தம்ளர் கசிவு ஒரு மாதத்தில் எட்டு டன்னைத் தாண்டுகிறது. படகு தானே மூழ்குகிறது. பிறகு கோர்ட்டு விடுதலை செய்தாலும் கொண்டுவர அங்கே படகு இருப்பது இல்லை.

2022-ம் ஆண்டு பிப்ரவரியில் 105 இந்தியப் படகுகளை ஏலம் விட இலங்கை அரசாங்கம் அறிவிப்பு செய்தது. அந்த நாட்டில் மீட்க முடியாத நிலையில் கிடந்த 125 படகுகளுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது. விசைப்படகு ஒன்றுக்கு ரூ.5 லட்சம். நாட்டுப்படகு ஒன்றுக்கு ரூ.1½ லட்சம். மொத்தம் ரூ.5 கோடியே 66 லட்சம்.

யார் பக்கம் நியாயம் என்பது பெரிய வழக்கு. இழுவை வலையால் தங்கள் கடல் பாழாகிறது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர்களும் முறையிடுகிறார்கள். இலங்கையில் அந்த வலைக்கு 2017-ம் ஆண்டு தடை போட்டார்கள். இதை இரண்டு அரசாங்கங்களும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஆனால் வழக்கு முடிகிற வரை படகு மிதக்க வேண்டும் அல்லவா? அதற்குப் பெரிய மாநாடு தேவை இல்லை. படகைப் பிடித்த அன்றே கரை ஏற்றலாம். அது முடியாவிட்டால் வால்வுகளை மூடி, ஓட்டைகளுக்குத் தக்கை அடிக்கலாம். மாதம் ஒரு முறை ஒரு மெக்கானிக் போய்ப் பார்க்க அனுமதிக்கலாம். படகு மூழ்கிப்போவதால் எந்த நாட்டுக்கும் லாபம் இல்லை.

61 நாட்கள் போதுமா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-ம் ஆண்டு முதல் 61 நாட்கள் ஆயிற்று. மீன் இனம் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. விசைப்படகுகளைக் கரை ஏற்றிப் பழுது பார்க்கும் காலமும் இதுதான்.

படகைக் காய வைக்க, பைபர் ஒட்ட, இறுக விட 61 நாட்கள் தாராளமாகப் போதும். போதாதது பணம்தான்!

வேலை இல்லாத காலத்தில்தான் பழுதுச் செலவும் வருகிறது. தடைக்கால நிவாரணம் ரூ.5 ஆயிரத்தில் இருந்து ரூ.8 ஆயிரமாக உயர்த்தப்படும் என்று 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அது அடுப்பு எரிய உதவும். படகின் அடியைப் பார்க்க அதில் மிச்சம் இருக்காது. ஆகவே வர்ணம் பூசப்படுகிறது. ஓட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. வர்ணம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டை தெரியாது!

செய்ய வேண்டியது என்ன?

மூழ்கிய படகுக்கு அரசாங்கம் லட்சக்கணக்கில் கொடுக்கிறது. மூழ்காமல் இருக்கச் சில ஆயிரம் கொடுத்தால் செலவு குறையும். தடைக்காலத்தில் குறைந்த வட்டிக்குப் பழுதுக் கடன் கிடைக்க வழி செய்யலாம்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்வது வழக்கம். அப்போது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வோர் ஓட்டையையும் பார்த்துச் சீட்டில் எழுதலாம்.

மரப்படகுக்குக் கலப்பற்றுக்காரர் இருந்தது போல, பைபருக்கும் கைதேர்ந்த தொழிலாளர்கள் ஊருக்கு ஊர் வேண்டும். கடற்கரை வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொடுத்தால், படகும் பிழைக்கும். கற்றவர்களுக்கும் பிழைப்புக் கிடைக்கும்.

அரசாங்கம் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். வால்வை வாரம் ஒரு முறை மூடித் திறந்து பார்க்க யாருடைய உத்தரவும் தேவை இல்லை. ஒரு மரத்தக்கையைச் செதுக்கிக் கட்டித் தொங்கவிட எந்த மனுவும் போட வேண்டாம். புதுக் குழாய் பொருத்தி இறக்கிய படகை உடனே கடலுக்கு ஓட்டாமல், ஒரு மணி நேரம் கரையோரம் நிறுத்திக் கசிகிறதா என்று பார்த்தால் போதும்.

நகையை அடகு வைத்துப் படகு வாங்குகிறார்கள். அந்த நகை திரும்புவதும் திரும்பாததும் சில நேரம் ஒரு அங்குல ஓட்டையில் இருக்கிறது.